வேரில் ஒட்டிய மண்

நாற்றங்காலில் வளர்ந்த கத்தரிக்கன்றை வேறிடத்தில் நடும்போது, அனுபவமுள்ள தோட்டக்காரர் அதன் வேரைச் சுற்றியுள்ள மண்ணை உதறிவிடமாட்டார். அந்தக் கைப்பிடி மண்ணோடுதான் கன்றைக் குழியில் இறக்குவார். பழைய மண் வேரைக் காக்கும். புதிய மண்ணில் வேர் மெல்ல மெல்ல ஓடத் தொடங்கும். முதல் சில நாள்களுக்குக் கன்று வாடித்தான் நிற்கும். நிழலும் நீரும் கிடைத்தால் பிறகு தலைநிமிரும்.

நாடு விட்டு நாடு வரும் இளையோரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. அவர்கள் தம் மொழியையும் உணவையும் நினைவுகளையும் சுமந்து வருகின்றனர். அவற்றை உதறிவிட்டால்தான் புதிய நாட்டோடு ஒன்ற முடியும் என்று ஒருகாலத்தில் பலர் எண்ணினர். பல நாடுகளின் அனுபவம் வேறொன்றைக் கற்றுத் தந்துள்ளது.

யார் இவர்கள்?

போர், இனக்கலவரம், அடக்குமுறை போன்றவற்றால் உயிருக்கு அஞ்சித் தாய்நாட்டை விட்டு வெளியேறுபவர் அகதி எனப்படுவார். வேலை, கல்வி, நல்வாழ்வு ஆகியவற்றை நாடி வேறு நாட்டுக்குச் செல்பவர் குடிபெயர்ந்தவர் எனப்படுவார். குடிபெயர்ந்தவர் பெரும்பாலும் திட்டமிட்டுப் புறப்படுகிறார். அகதிக்கோ பெட்டி அடுக்கவும் நேரம் இருப்பதில்லை. பள்ளிச் சான்றிதழ், பிறப்புப் பத்திரம், குடும்பப் படங்கள் எல்லாம் பின்தங்கிவிடுகின்றன.

2024ஆம் ஆண்டின் இறுதியில், போராலும் வன்முறையாலும் இருப்பிடத்தை இழந்தோர் உலகெங்கும் 12 கோடிக்கும் அதிகமாக இருந்தனர் என ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையம் கணக்கிட்டது. அவர்களுள் ஏறக்குறைய பத்தில் நால்வர் 18 வயதுக்கு உட்பட்டவர்.

மலேசியாவுக்கும் இது புதிதன்று. வியட்நாம் போர் முடிந்த பின்னர், சிறு படகுகளில் தென்சீனக் கடலைக் கடந்து பல்லாயிரவர் இந்நாட்டின் கிழக்குக் கரையை அடைந்தனர். அவர்களுக்காகத் திரங்கானு கடற்கரைக்கு அப்பால் உள்ள பிடோங் தீவில் 1978ஆம் ஆண்டு முகாம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள அத்தீவில் 1979ஆம் ஆண்டில் 40,000 பேர் வரை நெருக்கியடித்துக் கொண்டு வாழ்ந்தனர். அந்த நெருக்கடியிலும் அங்கே பள்ளி நடந்தது. வழிபாட்டு இடங்கள் எழுந்தன. குடியேறப்போகும் நாடுகளின் மொழிகள் கற்பிக்கப்பட்டன. 1991ஆம் ஆண்டு முகாம் மூடப்படும்வரை சுமார் இரண்டரை இலட்சம் பேர் அத்தீவின் வழியாகப் பிற நாடுகளுக்குச் சென்றனர்.

இன்று மலேசியாவில் பதிவு பெற்றுள்ள அகதிகளுள் மிகப் பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையொப்பமிடவில்லை. அகதிப் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் பயில்வதில்லை. தன்னார்வ அமைப்புகளும் சமய அமைப்புகளும் அகதிச் சமூகத்தினரும் நடத்தும் கற்றல் மையங்களே அவர்களுக்குப் பள்ளிகளாக விளங்குகின்றன. கடைவீடுகளின் மேல்மாடியிலும் வாடகை வீடுகளிலும் இத்தகைய மையங்கள் இயங்குகின்றன. வேறொரு நாட்டில் குடியேறும் வாய்ப்பு எப்போது கிடைக்கும் என்று பெற்றோர் காத்திருக்கின்றனர். ஆனால், பிள்ளைகளின் வயது காத்திருப்பதில்லை. பத்து வயதில் தவறிய கல்வியைப் பதினாறு வயதில் ஈடுசெய்வது எளிதன்று. ஆகவே, இளையோருக்கு உதவி செய்வதில் காலம் தாழ்த்துதல் கூடாது.

பாஹியாட்டுவா கற்றுத் தந்த பாடம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். போர் தொடங்கிய பின்னர், கிழக்குப் போலந்தைச் சேர்ந்த இலட்சக்கணக்கானோர் சோவியத் நாட்டின் சைபீரியா போன்ற தொலைதூரப் பகுதிகளுக்கு நாடு கடத்தப்பட்டனர். பசியாலும் நோயாலும் பலர் மாண்டனர். பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் 1942ஆம் ஆண்டு ஈரானை அடைந்தனர். அவர்களுள் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் இருந்தனர்.

நியூசிலாந்தின் பிரதமர் பீட்டர் பிரேசர் அப்பிள்ளைகளுக்குத் தம் நாட்டில் இடமளிக்க முன்வந்தார். 1944ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், 733 சிறுவர் சிறுமியரும் நூற்றுக்கும் மேற்பட்ட பெரியவர்களும் வெலிங்டன் துறைமுகத்தில் கரையிறங்கினர். அங்கிருந்து பாஹியாட்டுவா என்னும் சிற்றூருக்கு இரயிலில் சென்றபோது, வழிநெடுகப் பள்ளி மாணவர்கள் திரண்டு நின்று கொடியசைத்து வரவேற்றனர். பல ஆண்டுகளாகத் துரத்தப்பட்ட பிள்ளைகளை ஒரு நாடு கையசைத்து அழைத்தது.

முகாமில் செய்யப்பட்ட ஏற்பாடுகள் கவனிக்கத்தக்கவை. போலந்து ஆசிரியர்களே பாடம் நடத்தினர். முகாமின் தெருக்களுக்குப் போலந்து மொழியில் பெயர்கள் இடப்பட்டன. போர் முடிந்ததும் பிள்ளைகள் தாயகம் திரும்புவார்கள் என்பதே அப்போதைய எதிர்பார்ப்பு. ஆனால், போருக்குப் பிறகு எல்லைகள் மாறின. பலருடைய சொந்த ஊர்கள் சோவியத் நாட்டோடு இணைந்துவிட்டன. திரும்பிச் செல்ல ஊர் இல்லாத அப்பிள்ளைகள் தங்கள் நாட்டிலேயே தங்கலாம் என நியூசிலாந்து அறிவித்தது.

அதன்பின் முகாமின் நோக்கமும் மாறியது. ஆங்கிலக் கல்விக்கு முதன்மை தரப்பட்டது. விடுமுறை நாள்களில் பிள்ளைகள் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கிப் பழகினர். மூத்த மாணவர்கள் நியூசிலாந்துப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் தனிமைப்பட்டுவிடாதிருக்க, ஹாவேரா நகரில் சிறுவர்களுக்கும் வெலிங்டனில் சிறுமியருக்கும் விடுதிகள் அமைக்கப்பட்டன. பகலில் புதிய நாட்டின் பள்ளி, மாலையில் தம் மொழி பேசும் தோழர்கள் என இரண்டும் அவர்களுக்குக் கிடைத்தன. 1949ஆம் ஆண்டு முகாம் மூடப்பட்டது. பலர் அந்நாட்டிலேயே வேலை பெற்று, குடும்பம் அமைத்து வாழ்ந்தனர்.

இந்த ஏற்பாட்டில் குறையே இல்லை எனக் கூற இயலாது. போலந்து மக்களோடு மட்டுமே வாழ்ந்த தொடக்கக் காலத்தில், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. ஆயினும், வரவேற்பு, தாய்மொழி, படிப்படியான அறிமுகம், துணை ஆகிய நான்கும் இளையோர் காலூன்ற எவ்வளவு தேவை என்பதைப் பாஹியாட்டுவா காட்டுகிறது. இன்றும் நியூசிலாந்துக்கு வரும் அகதிகள் முதலில் ஆக்லாந்தின் மாங்கெரே மையத்தில் சில வாரங்கள் தங்குகின்றனர். மருத்துவச் சோதனை, ஆங்கில வகுப்பு, பள்ளி வாழ்க்கைக்கான அறிமுகம் ஆகியவை அங்கே வழங்கப்படுகின்றன. அதன் பின்னரே அவர்கள் வெவ்வேறு ஊர்களில் குடியமர்த்தப்படுகின்றனர்.

பெயரில் தொடங்கும் மதிப்பு

புதிதாக வந்த மாணவருக்கு ஒரு பள்ளி முதல் நாளிலேயே செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. அதற்குப் பணம் தேவையில்லை. அவருடைய பெயரைச் சரியாகக் கேட்டு, சரியாக அழைப்பதே அது.

மியன்மார் மக்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஒருவர் பெயரில் உள்ள எல்லாச் சொற்களும் அவருக்கே உரியவை. ஆனால், பல நாடுகளின் விண்ணப்பப் படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் எனப் பிரித்துக் கேட்கின்றன. அதனால் பெயரின் ஒரு துண்டு குடும்பப்பெயராக மாறிவிடுகிறது. ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தங்கையும் பதிவேட்டில் தொடர்பே இல்லாதவர்கள் போலத் தோன்றுவதும் உண்டு.

இச்சிக்கல் தமிழர்களுக்கும் தெரிந்ததே. தமிழர் தந்தையின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து எழுதுகின்றனர். வெளிநாட்டுக்குச் சென்றால் அப்பெயரே குடும்பப்பெயராகக் கொள்ளப்பட்டு, மகனைத் தந்தையின் பெயரால் அழைக்கும் நிலை ஏற்படுகிறது. அந்த இடத்தில் எழும் தயக்கத்தை உணர்ந்தவர்கள், வகுப்பில் புதிய மாணவரின் பெயரைச் சுருக்கியோ திரித்தோ அழைக்கமாட்டார்கள். “உங்கள் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும்?” என்று கேட்பதே மதிப்பின் முதற்படியாகும்.

அடுத்து, ஒரு தோழரை வழிகாட்டியாக அமர்த்துவது நல்லது. சிற்றுண்டிச்சாலையில் வரிசை எங்கே தொடங்குகிறது, மணி இருமுறை அடித்தால் என்ன பொருள், கழிவறைக்குச் செல்ல யாரிடம் அனுமதி பெற வேண்டும் போன்ற சிறு செய்திகளே புதியவரை மிகவும் கலங்க வைக்கின்றன. பெரியவர்கள் இவற்றைச் சொல்ல மறந்துவிடலாம். உடன் பயிலும் மாணவருக்கு இவை நன்கு தெரியும்.

மௌனமும் மொழியும்

புதிய மொழிச் சூழலுக்கு வரும் மாணவர்களுள் சிலர், முதல் சில வாரங்களோ மாதங்களோ வகுப்பில் வாய் திறப்பதில்லை. அதைக் கண்டு, அவர்களுக்கு அறிவில்லை என்றோ ஆர்வமில்லை என்றோ முடிவு கட்டுதல் தவறாகும். அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர், சொற்களைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றனர்.

கனடிய மொழிக்கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ், பேச்சுமொழித் திறனுக்கும் கல்விமொழித் திறனுக்கும் உள்ள வேறுபாட்டை 1979ஆம் ஆண்டில் விளக்கினார். திடலில் நண்பர்களோடு பேசும் திறன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் கைகூடலாம். ஆனால், அறிவியல் பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும் வரலாற்றுக் கட்டுரை எழுதவும் தேவைப்படும் மொழித்திறன் வளர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். “நன்றாகத்தானே பேசுகிறான், தேர்வில் ஏன் தவறுகிறான்?” என்னும் கேள்விக்கு இதுவே விடை. பேச்சு சரளமானதும் உதவியை நிறுத்திவிடும் பள்ளிகள், உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் மாணவரைக் கைவிடுகின்றன.

தாய்மொழி இம்முயற்சிக்குத் தடை என எண்ணுதல் ஆகாது. ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்பதைத் தன் மொழியில் புரிந்துகொண்ட பிள்ளை, புதிய மொழியில் அதற்கான சொல்லைக் கற்றால் போதும். கருத்தை மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை. சிறுபான்மைச் சமூகங்களின் பிள்ளைகளுக்குத் தம் மொழியைப் பயன்படுத்தும் உரிமை உண்டு என 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாட்டுச் சிறுவர் உரிமை உடன்படிக்கையும் கூறுகிறது.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி மலேசியத் தமிழர்கள் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1816ஆம் ஆண்டு பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது. பின்னர், தோட்டங்களில் பால்மரம் சீவ வந்தவர்களின் பிள்ளைகள், தகரக்கூரை வேய்ந்த சிறு பள்ளிகளிலும் தமிழ் கற்றனர். கடல் கடந்து வந்தவர்கள் தம் மொழியைக் கைவிடவில்லை. இந்நாட்டின் தேசிய மொழியையும் கற்று, அதன் குடிமக்களாக உயர்ந்தனர். ஒரு மொழியைக் காத்தல் இன்னொரு மொழியைக் கற்பதற்கு இடையூறன்று என்பதற்கு, தமிழ்ப்பள்ளியில் பயின்று இடைநிலைப்பள்ளிக்கு வந்துள்ள ஒவ்வொரு மாணவரும் சான்றாவார்.

கேட்கக்கூடாத கேள்வி

புதிதாக வந்தவரைப் பற்றி அறியும் ஆவல் இயல்பானது. எனினும், “உங்கள் ஊரில் என்ன நடந்தது? யாரை இழந்தீர்கள்?” என்று துருவிக் கேட்பது ஆறும் புண்ணைக் கீறுவது போலாகும். போரின் கொடுமைகளைக் கண்ட பிள்ளை, நாற்காலி சாயும் ஓசைக்கும் திடுக்கிடலாம். காரணமின்றிச் சினம் கொள்ளலாம், பாடவேளையில் உறங்கிவிடலாம். இரவில் தூக்கமின்மையே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். இத்தகைய நடத்தையை ஒழுங்கீனம் என மட்டும் கருதித் தண்டித்தல் பயனளிக்காது.

இப்பிள்ளைகளுக்கு மருந்தாவது ஒழுங்கான அன்றாட வாழ்க்கை. நாள்தோறும் ஒரே நேரத்தில் பள்ளி, தெரிந்த முகங்கள், முன்கூட்டியே அறிவிக்கப்படும் மாற்றங்கள் ஆகியவை “இங்கே ஆபத்தில்லை” என்னும் உணர்வைச் சிறிது சிறிதாக ஏற்படுத்துகின்றன. தீயணைப்புப் பயிற்சிக்கான மணி அடிக்கப் போகிறது என்பதை முன்பே சொல்லிவைத்தால், ஒரு பிள்ளையின் பெரும் அச்சத்தைத் தவிர்க்கலாம். தன் கதையைச் சொல்வதா, எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பதை அப்பிள்ளையே முடிவு செய்ய வேண்டும். அப்படிச் சொல்லும்போது கேட்பவர் பொறுமையாகச் செவிமடுத்தாலே போதும். துன்பம் மிகுதியாகத் தெரிந்தால் நண்பர்கள் அதைத் தாங்களே தீர்க்க முயலாமல் பள்ளி ஆலோசகரிடம் தெரிவிக்க வேண்டும்.

வீட்டின் மொழிபெயர்ப்பாளர்

புதிய நாட்டின் மொழியைப் பெற்றோரைவிடப் பிள்ளைகள் விரைவாகக் கற்றுவிடுகின்றனர். அதனால் வாடகை ஒப்பந்தத்தைப் படிப்பதும், மருத்துவமனையில் தாய்க்காகப் பேசுவதும், அலுவலகக் கடிதங்களுக்கு விடை எழுதுவதும் அவர்கள் தலையில் விழுகின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளை மருத்துவர் சொல்லும் கடுமையான செய்தியைத் தன் தாய்க்கு மொழிபெயர்க்க நேர்ந்தால், அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்! பள்ளிக்குச் செல்ல வேண்டிய நாளில் விடுப்பு எடுப்பதும் உண்டு. வீட்டில் முடிவெடுக்கும் பொறுப்பு பிள்ளையிடம் சென்றுவிட, பெற்றோர் தம் மதிப்பு குறைந்ததாக வருந்துவதும் உண்டு.

ஆகவே, இளையோருக்குச் செய்யும் உதவி அவர்களின் குடும்பத்தையும் எட்ட வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்கு உதவும் அலுவலர்கள் பள்ளிகளிலேயே பணியாற்றுகின்றனர். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது முதல் மருத்துவ உதவி பெறுவது வரை பெற்றோருக்கு அவர்கள் வழிகாட்டுகின்றனர். 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர் பெருமளவில் குடியேறிய டொராண்டோ பகுதியில், தமிழ் பேசும் அலுவலர்களும் இப்பணியில் உள்ளனர். ஆசிரியர் கூறுவதைத் தம் மொழியிலேயே கேட்டுப் புரிந்துகொள்ளும் தாய், பிள்ளையின் படிப்பில் மீண்டும் தாயாகப் பங்கேற்க முடிகிறது.

பெறுபவரும் கொடுப்பவரே

உதவி பெறுபவராக மட்டுமே ஒருவரைப் பார்ப்பதும் அவரைச் சிறுமைப்படுத்தும். புதியவருக்கும் கொடுப்பதற்கு ஏதேனும் இருக்கும். காற்பந்துத் திறனோ, ஓவியமோ, கணிதமோ, தன் ஊர்ச் சமையலோ, ஏதேனும் ஒன்றில் அவர் மற்றவருக்குக் கற்றுத்தரும் நிலையை உருவாக்க வேண்டும்.

ஜோர்டானில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லூமா முஃப்லே, 2004ஆம் ஆண்டு ஜோர்ஜியா மாநிலத்தின் கிளார்க்ஸ்டன் நகரில் அகதிச் சிறுவர்களுக்காகக் காற்பந்துக் குழு ஒன்றைத் தொடங்கினார். வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த சிறுவர்களைப் பந்து ஒன்றிணைத்தது. ஆனால், அவர்களுள் சிலர் மேல்வகுப்பில் இருந்தும் வாசிக்கத் திணறுவதை அவர் கண்டார். வயதை மட்டும் பார்த்து வகுப்பில் அமர்த்தியதால், அவர்கள் தவறவிட்ட பள்ளி ஆண்டுகளை எவரும் ஈடுசெய்யவில்லை. எனவே, அவர் அவர்களுக்கென ஒரு பள்ளியையும் உருவாக்கினார். திடலில் பெற்ற தன்னம்பிக்கையை வகுப்பறைக்கும் கொண்டு சென்றதே அவருடைய முயற்சியின் சிறப்பாகும்.

இரக்கத்தோடு நின்றுவிடாமல் கற்றலில் உயர்ந்த எதிர்பார்ப்பையும் வைக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் கருத்து. “பாவம், இவனால் முடியாது” என்று எளிய வேலையை மட்டுமே தரும் வகுப்பறை, அன்பின் பெயரால் ஒரு மாணவரின் வளர்ச்சியைத் தடுத்துவிடுகிறது.

நிறைவாக

திருக்குறளில் ‘விருந்தோம்பல்’ அதிகாரத்தை அடுத்து ‘இனியவை கூறல்’ என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. வந்தவருக்கு இடமும் உணவும் தந்தால் மட்டும் போதாது. அவரோடு பேசும் சொல்லும் இனிமையாக இருக்க வேண்டும் என்பதை இவ்வரிசை நினைவூட்டுகிறது. சட்டமும் நிதியும் வகுப்பது பெரியவர்களின் பொறுப்பு. பெயரைச் சரியாக அழைப்பதும், ஓய்வுவேளையில் பக்கத்தில் அமர இடம் விடுவதும், விளையாட்டுக்குச் சேர்த்துக்கொள்வதும், கேலி செய்வோரைத் தடுப்பதும் எந்த மாணவரும் செய்யக்கூடியவை.

ஒரு காலத்தில் இந்நாட்டின் துறைமுகங்களில் கையில் மூட்டையோடு இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று இங்கே வேரூன்றி வாழ்கின்றனர். அவர்களது வகுப்பறைக்கோ குடியிருப்புக்கோ புதிதாக ஒருவர் வரும்போது, அவர் வேரில் ஒட்டியிருக்கும் மண்ணை அழுக்கு என எண்ணாமல் இருக்க வேண்டும். அந்த மண்ணோடுதான் அவர் இங்கே தழைக்க இயலும்.

கருத்துணர் வினாக்கள்

1. அகதிக்கும் குடிபெயர்ந்தவருக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது?
2. பாஹியாட்டுவா முகாமில் தொடக்கத்தில் போலந்து மொழியிலேயே பாடம் நடத்தப்பட்டதன் காரணம் என்ன? பின்னர் அந்நிலை ஏன் மாறியது?
3. சரளமாகப் பேசும் மாணவர் தேர்வில் பின்தங்குவதற்கான காரணத்தைப் பனுவலின் துணைகொண்டு விளக்குக.
4. பிள்ளைகள் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர்களாக இருப்பதால் ஏற்படும் விளைவுகள் இரண்டனை எழுதுக.
5. ‘வேரில் ஒட்டிய மண்’ என்னும் தலைப்பு இப்பனுவலுக்கு எவ்வாறு பொருந்துகிறது?
6. உம் வகுப்புக்கு வேற்று நாட்டு மாணவர் ஒருவர் வருகிறார். முதல் வாரத்தில் அவருக்கு உதவ, உம் குழுவினரோடு கலந்துரையாடிச் செயல்திட்டம் ஒன்றைத் தயாரித்திடுக.